கிளச் மிதிக்கிற கால்

ஸ்கந்தபுரத்தில் சித்திரை வெயிலுக்கும் சாரம் கட்டாத ஆம்பிளை என்றால் அது வீரகத்தி ஒருவர்தான். மற்றவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு திரிய, இந்த மனிசன் மட்டும் நீட்டுக் காற்சட்டையும் சப்பாத்துமாக லொறியில் ஏறுவார், இறங்குவார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அதை எடுப்பு என்று நினைத்துப் பின்னால் சிரித்ததும் உண்டு. ஊர்ச்சனம் சிரிக்காது. இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது பொய்க்கால் என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அப்படியொரு பழக்கம் வந்துவிட்டது. அது சும்மா வந்ததில்லை. வரும் இடத்தில் சொல்கிறேன்.

லொறி என்றால் பெரிய லொறி இல்லை. முன்னுக்கு இரண்டு பேர் நெருக்கியடித்து இருக்கலாம். பின்னுக்கு ஒரு ஏக்கர் நெல்லை இரண்டு நடையில் ஏற்றிப் பறித்துவிடலாம். சண்டை முடிந்து றோட்டுத் திறந்த காலத்தில் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று இந்தக் குட்டி லொறிகளைக் கொண்டுவந்து இறக்கியது. வன்னி அதைப் பிடித்துக்கொண்டது. நெல்லு, வாழைக்குலை, மாட்டெரு, கலியாண வீட்டுக் கதிரை, செத்தவீட்டுப் பந்தல் தகரம், சில நேரம் பிரேதம், எல்லாம் அதில்தான். வீரகத்தியின் லொறி அந்த முதல் வருகையில் வந்தது. நிறம் போய், கதவு ஒரு பக்கம் கயிற்றில் நின்றது. இஞ்சின் மட்டும் அவருடைய சொல்லைக் கேட்டது.

கேட்காதது கால்தான். கிளச் இடது காலுக்கு உரியது. பொய்க்காலுக்கு உணர்வு இல்லை. பெடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அமர்ந்தது என்று அதற்குத் தெரியாது. தொடையால் தூக்கிப் போட்டு, முழங்காலால் நெரித்து, கியர் மாற்றவேண்டும். கிளிநொச்சிச் சந்தைக்குள் ஒருக்கால் நுழைந்து வெளியே வருவதற்குள் அந்த முழங்கால் படுகிற பாட்டை அவர்தான் அறிவார், அவருக்கு அடுத்தபடி அவருடைய மனிசி கமலாசனி அறிவாள். பொழுதுபடத் தொழிலால் வந்ததும் அவர் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருப்பார். மனிசி காற்சட்டையை மேலே சுருட்டி, பட்டியைத் தளர்த்தி, பொய்க்காலை இழுத்து எடுப்பாள். வெட்டுப்பட்ட நுனி சிவந்து, தோல் உரிந்து, சில நாளில் சொக்ஸ் இரத்தத்தில் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணியால் நனைத்து நனைத்துத்தான் கழற்ற வேண்டும். சீனி வருத்தமும் வந்து சேர்ந்த பிறகு புண் ஆறுவதை விட்டுவிட்டது.

வவுனியாவில் பெரிய டொக்டரிடம் காட்டினார்கள். அவர் ஒளித்துமறைக்கிற ஆள் இல்லை. கமலாசனியைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இந்தக் கால் இனிக் கிளச் மிதிக்கக் கூடாதம்மா. முழங்கால் இருக்கிறவரைக்கும் இவர் இருப்பார், எழும்புவார், வரம்பிலை நடப்பார். மிதிச்சுக்கொண்டே இருந்தால் அதையும் எடுக்கவேண்டி வரும். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது.”

திரும்பி வரும் பஸ் மாங்குளம் தாண்டும்போது வீரகத்தி பேச்சை எடுத்தார். லக்சிகாவின்ரை சோதினை முடியட்டும், அதுவரைக்கும் மெதுவாய் ஓடுவம் என்றார். ஒரே பெட்டை, உயர்தரம் படிக்கிறாள். லொறி ஓடாவிட்டால் அந்த வீட்டில் வேறு தொழில் இல்லை. வயல் கொஞ்சம் இருந்தது. அது சாப்பாட்டுக்குக் காணும், படிப்புக்குக் காணாது. கமலாசனிக்குச் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பிரதாபன் வந்தான். நெளுக்குளத்துப் பெடியன். அந்தக் கொம்பனியின் வாகனம் விற்கிற இடத்தில், வவுனியாவில், வேலை. நல்ல வாய்க்காரன், ஆனால் மனம் சுத்தம். வருசக்கணக்காய் வெளியிலிருந்து வாகனம் வராமல் பூட்டிக்கிடந்து, இப்போது திறந்துவிட்டார்கள், கொம்பனி திரும்ப லொறி அனுப்பப் போகிறது என்று சந்தோசமாய்ச் சொன்னான். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு விசயத்துக்கு வந்தான். புதிய குட்டி லொறியில் இரண்டு சாதி இருக்கிறதாம். ஒன்று பழையபடி கிளச் உள்ளது. மற்றது கிளச் இல்லாதது, கியர் தானாக மாறும். இரண்டையும் எல்லா இடத்துக்கும் அனுப்ப ஏலாதாம். பழைய வாடிக்கைச் சனம் இருக்கிற இடங்களில் அந்தச் சனத்தையே கேட்டு, எதை விரும்புகிறார்களோ அதை மட்டும் அனுப்பப் போகிறார்களாம். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கமக்காரர் மண்டபத்தில் கூட்டம் வைக்கப் போகிறார்கள், அண்ணை கட்டாயம் வரவேணும் என்றான்.

“அப்ப கிளச் இல்லாததுக்கு இடது காலுக்கு வேலையே இல்லையோ?” என்று வீரகத்தி கேட்டார். தெரியாத மாதிரித்தான் கேட்டார்.

“ஒரு வேலையும் இல்லை அண்ணை. இடது காலை வீட்டிலை விட்டிட்டு வரலாம்.”

பெடியன் பகிடிக்குச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் போன பிறகு வீரகத்தி கதிரையில் இருந்தபடி சிரித்தார். கமலாசனி அந்தச் சிரிப்பைக் கண்டு கனகாலம். பழைய லொறியைக் குடுத்துப் புதிசை மாற்றலாமாம், மெல்லமெல்லக் கட்டலாமாம், இனி யாழ்ப்பாணச் சந்தைக்கும் ஓடலாம் என்று கலியாணம் செய்த புதிசில் கதைத்த மாதிரிக் கதைத்தார். அவளுக்கும் ஆசை வந்தது. முழங்கால் தப்பிவிட்டது என்றே நினைத்தாள். அடுத்த நாள் பிள்ளையாருக்குக் கற்பூரமும் கொளுத்திவிட்டு வந்தாள்.

கூட்டத்துக்கு அக்கராயன், கோணாவில், முழங்காவில் பக்கமிருந்தெல்லாம் லொறிக்காரர் வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்துபோனது. ரோல்சும் சோடாவும் குடுத்தார்கள், கொம்பனிப் பேர் போட்ட தொப்பியும் குடுத்தார்கள். பெண்டுகள் பின்னுக்கு நின்றார்கள், கமலாசனியும் நின்றாள். தயாளினி என்று ஒரு பிள்ளை, கொழும்புத் தமிழ், கையில் பலகை மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு பேசினாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. முகம் நல்ல முகம். கூட வந்த ஒருவர் எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்கட உடம்புக்கு எது வசதி, எது கஷ்டம், மறைக்காமச் சொல்லுங்க. கால் வலி, முதுகு வலி, காயப்பட்ட ஆட்கள் இருந்தாலும் சொல்லுங்க. நாங்க பேரோட குறிச்சுக்கிட்டுப் போய் மேலிடத்துக்குக் குடுப்போம்,” என்றாள் அவள்.

அவ்வளவுதான். மண்டபம் அடங்கிப்போனது. ரோல்ஸ் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவள் கேட்டது அன்பான கேள்வி. அந்த அன்பான கேள்வியை இந்தச் சனம் முன்னமும் ஒருக்கால் கேட்டிருந்தது.

சண்டை முடிந்து, முகாமால் விட்டு ஊருக்கு வந்த முதல் வருசம், வேலிக்கரைப் பற்றையை வெட்டும்போதுதான் வீரகத்தி மிதிவெடியில் காலைக் குடுத்தார். சொந்த வளவில், சொந்தக் கத்தியோடு. ஆசுப்பத்திரியால் வந்து படுத்திருந்த காலத்தில், மரத்துக்குக் கீழே மேசை போட்டு ஆரோ வந்திருந்தார்கள். கால் கை இழந்த ஆட்களுக்கு உதவி குடுக்கப்போறம், பேரைக் குடுங்கோ, வடிவாய்ப் பதிஞ்சுகொண்டு போறம் என்றார்கள். கமலாசனி ஓடிப்போய் முதல் ஆளாய்ப் பேர் குடுத்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலில்லாத மனிசனின் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்குடுத்தாள். உதவி வரவில்லை. ஆமி வாகனம் வந்தது. காலில்லாத ஆம்பிளை என்றால் இயக்கத்தில் இருந்தவனாய்த்தான் இருக்கவேணும் என்று விசாரிக்க ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரும்போது குழந்தை நடந்து, கதைத்து, தகப்பனைக் கண்டு பயந்து அழுகிற வயதாகிவிட்டது. அன்றைக்குப் பேர் குடுத்த வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் ஒருத்தருடைய காலைப் பற்றியும் கதைப்பதில்லை. லைசன்ஸ் புதுப்பிக்கப் போனாலும் நீட்டுக் காற்சட்டையோடு நிமிர்ந்து நடந்து போய்க் கண்ணை மட்டும் காட்டிவிட்டு வருவார்கள். தெரிந்தால் லைசன்சும் போய்விடும் என்ற பயம் வேறு.

மண்டபத்தில் முதல் ஆளாய் எழும்பினவர் அக்கராயன் பாலன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரிய குரலில் சொன்னார்.

“எங்களுக்கு ஒரு நோவும் இல்லைத் தங்கச்சி. கிளச் இல்லாத வாகனம் சேத்துக்கை இழுக்காது. ஆம்பிளையளுக்கு அது சரிவராது. கிளச்தான் வேணும்.”

பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கிளச், கிளச் என்று மண்டபம் முழுக்கச் சத்தம். வீரகத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கமலாசனி பின்னுக்கிருந்து அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் முடிய, இந்தப் பகுதியின் மூத்த வாடிக்கைக்காரர் என்று பிரதாபன் கொழும்புக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். லொறியைப் படம் எடுத்தார்கள். கயிற்றில் நின்ற கதவைப் பார்த்துச் சிரித்தார்கள். கமலாசனி தேத்தண்ணி போட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றாள். யன்னலால் எல்லாம் கேட்டது. தயாளினி நல்ல சூட்டிகையான பிள்ளை. லொறிக்குள் எட்டிப்பார்த்தவள், கிளச் பெடல் ஒரு பக்கமாய்த் தேய்ந்து வளைந்திருந்ததைக் கண்டுவிட்டாள்.

“அண்ணா, நீங்க அங்க ஒண்ணுமே சொல்லல்ல. உங்களுக்குக் கிளச் கஷ்டமா இருக்கா? இருந்தாச் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாலும் நான் எழுதிக்கிட்டுப் போவேன்.”

வீரகத்தி மனிசியைத் தேடவில்லை. நேரே அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த இடது—”

கமலாசனிக்குக் கண்ணில் பட்டது அந்தப் படம் பிடிக்கிறவரும், பேர் எழுதக் காத்திருந்த தயாளினியின் விரலும்தான். தேத்தண்ணித் தட்டோடு பாய்ந்து வெளியே வந்தாள்.

“இவருக்குக் காலிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. எருத் தூக்கி இடுப்புப் பிடிச்சது, அவ்வளவுதான். கிளச் இல்லாட்டி இவருக்குக் கை ஓடாது. பழகின மனிசன். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.”

காலைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கவேயில்லை. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, வீரகத்தியைத் தவிர. அவர் மனிசியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் கமலாசனிக்குப் பிறகு கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். பார்த்துவிட்டு, “ஓம் பிள்ளை, கிளச்தான் நல்லம்,” என்று சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். தயாளினி எழுதிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு கமலாசனி படலையைச் சாத்தி வந்து, அவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் காற்சட்டையை மேலே சுருட்டத் தொடங்கினார். அவளாகவே வாயைத் திறந்தாள்.

“ஒருக்கால் பேர் குடுத்து நான் பட்டது காணாதே? இன்னொருக்கால் உங்களைக் குடுத்திட்டு நான் என்னண்டு இருப்பன்?”

“உன்னிலை பிழை இல்லைக் கமலா,” என்றார் அவர். “உப்புத் தண்ணியைக் கொண்டு வா.”

ஐப்பசி மழைக்குள் பிரதாபன் திரும்ப வந்தான். மழைக்கோட்டோடு வாசலில் நின்றபடியே சொன்னான். கொம்பனி முடிவெடுத்துவிட்டதாம். கிளச் இல்லாத லொறி வேறு தேசங்களுக்குப் போகிறதாம், புதுச்சனம் வாங்குகிற இடங்களுக்கு. இங்கே பழைய சனம் ஒரே வாயாய்க் கிளச் கேட்டபடியால் கிளச் லொறிதான் வரும், முன் முகமும் லைற்றும் மட்டும் புதிசு. பழகின சந்தைக்குப் பழகின வாகனம் என்று மேலிடத்தில் முடிவாம். சந்தோசம்தானே அண்ணை, நீங்கள் கேட்டதே வருது என்றான் பெடியன். வீரகத்தி ஓம் தம்பி, நல்ல விசயம் என்றார்.

கமலாசனி குடையும் இல்லாமல் படலை வரைக்கும் அவனுக்குப் பின்னால் போனாள். இப்ப ஆரும் ஒருத்தர் உண்மையிலை தனக்குக் கிளச் ஏலாது எண்டு சொன்னால் மாத்துவினமோ என்று கேட்டாள். பிரதாபன் மோட்டச்சைக்கிளை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“இனி ஏலாதக்கா. அண்டைக்குச் சொல்லியிருந்தால் செய்திருக்கலாம். ஏலாத ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சிருந்தால் கொஞ்சமாவது இஞ்சை அனுப்பியிருப்பினம். எல்லா இடத்திலையும் கேட்டவை, ஒருத்தரும் சொல்லேல்லையே. ஏனக்கா, ஆருக்கு?”

“ஒருத்தருக்குமில்லைத் தம்பி. சும்மா கேட்டனான்.”

அந்த மாரிக்கு லொறி நிற்கவில்லை. காலபோகத்துக்கு உரமும் விதைநெல்லும் ஏற்றி இறக்கிய காலம். சேற்றில் புதைந்தால் கிளச்சை நெரித்து நெரித்துத்தான் எடுக்கவேணும். இரண்டு நாளைக்கு விடுங்கோ என்று கமலாசனி கெஞ்சினாள். லக்சிகாவும் அழுது பார்த்தாள், தனக்குச் சோதினையே வேண்டாம் என்றாள். அந்தச் சொல்லுக்குத்தான் மனிசன் முதல் முதலாய்ப் பிள்ளையை ஏசினார். ஈரம் புண்ணுக்குள் இறங்கியது. ஒரு காலமை பொய்க்காலைப் போட எடுத்தபோது கமலாசனிக்கு அழுகின மணம் வந்தது. அவள் அந்த மணத்தைக் கடைசிச் சண்டைக்குள் அறிந்தவள். கையிலிருந்த சொக்சை நிலத்தில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஓட்டோவுக்கு ஓடினாள்.

ஆசுப்பத்திரியில் அவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். முழங்காலைக் காப்பாற்ற முடியவில்லை. மயக்கம் தெளிந்தபோது வீரகத்தி போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. மனிசியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“முழங்காலும் போட்டுதோ?”

“ஓம்.”

 லொறியை ஆருக்காவது குடுத்துப்போடு, நிண்டால் கறள் பிடிச்சுப்போம் என்றார். கமலாசனி கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். அது அவளுக்குச் சுகமாய் இருக்கவில்லை, சுட்டது.

பங்குனியில், புண் ஆறின பிறகு, புதுக் கால் போடுகிற இடத்துக்குப் போனார்கள். முழுக்காலுக்கான பொய்க்கால் பாரமானது, அதைப் பழகவே மாதக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். வெளியே நீளமான வாங்கு. ஆம்பிளைகள் நிரையாக இருந்தார்கள். கமலாசனி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவரை இருத்த இடம் பார்த்தாள். வாங்கின் நடுவில் ஒருவர், காற்சட்டையின் இடது காலை மேலே சுருட்டி, கீழே ஒன்றுமில்லாத வெறும் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அக்கராயன் பாலன்.

 பாலனுக்கு அந்தப் பக்கம் இருந்தவரையும் கமலாசனிக்குத் தெரியும். முழங்காவில் ஆள், அன்றைக்கு மண்டபத்தில் கையை உயர்த்திக் கிளச் என்று கத்தினவர். அதற்கு அடுத்தவரும் அந்தக் கூட்டம்தான்.  பாலன் மெல்ல அரக்கி, வீரகத்திக்கு இடம் விட்டார். வீரகத்தி இருந்தார்.

பாலனின் மனிசி இரஞ்சிதம் சுவரோரம் நின்றாள். கமலாசனி அவளுக்குப் பக்கத்தில் போய், உங்கடை ஆளுக்கும் இடதோ என்று மெதுவாய்க் கேட்டாள்.

“இடதுதான் அக்கா. பேர் எழுதுவமெண்டு சொன்ன உடனை பயந்துபோனார். எழும்பிக் கிளச் எண்டு கத்திப்போட்டு, வீட்டை வந்து சாப்பிடாமல் படுத்தவர்,” என்றாள் இரஞ்சிதம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தால் இன்னொருவர் திறந்திருப்பார். வீட்டில் என்றாலும் முதல் வாயைத் திறந்தது வீரகத்தி. அதைப் பொத்தினது தான்தான் என்று கமலாசனி நினைத்தாள். 

உள்ளேயிருந்து அவருடைய பேரைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு சின்னப் பெட்டை இருந்து கேள்வி கேட்டுப் பதிந்தாள். பேர், ஊர், வயது. பிறகு, கால் முதலிலை என்னண்டு போனது, என்ன தொழில் என்று கேட்டாள். வீரகத்தி வழக்கம்போலக் குனிந்துகொண்டார். விபத்து என்று சொல்வதுதான் வழக்கம். கமலாசனி மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்தாள். வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“மிதிவெடி, பிள்ளை. எங்கடை வளவுக்கை. உதவி தாறமெண்டு கேட்டாக்களிட்டை நான்தான் இவற்றை பேரைக் குடுத்தனான், கொண்டுபோய் வைச்சிருந்தவை. அதுக்குப் பேந்து காலில்லை எண்டதை ஒருத்தருக்கும் சொல்லாமல் பொய்க்காலோடை லொறி ஓடினவர். கிளச் மிதிச்சு மிதிச்சுத்தான் முழங்காலும் போனது. கிளச் இல்லாத லொறி தரவோ எண்டு வீடு தேடி வந்து கேட்டவை. இவர் சொல்ல வெளிக்கிட்டவர். நான் விடேல்லை.”

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலாசனி அப்படியே நின்றாள், இனி வருகிறது வரட்டும் என்று. பதினாறு வருசம் நெஞ்சுக்குள் பூட்டிவைத்த கதை. ஆராவது எழும்பி வருவார்கள், இன்னும் கேட்பார்கள், எங்கேயோ கொண்டுபோகச் சொல்வார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டை நிமிரவில்லை. மிதிவெடி என்று எழுதினாள், அதற்குப் பக்கத்தில் சாரதி என்று எழுதினாள்.

“சரியம்மா. ஐயாவை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அளவெடுப்பினம்.”

“இவ்வளவுதானோ பிள்ளை?”

“ஓமம்மா, இவ்வளவுதான்,” என்றாள் பெட்டை.

வீரகத்தி ஊன்றுகோலை ஊன்றி எழும்பி மனிசிக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். கமலாசனி எழுத்து மேசைக்கு முன்னால் நிலத்தில் குந்தி, அத்தனை பேருக்கும் முன்னால் குரலெடுத்து அழுதாள்.